பல்லி என்று எழுதிய கை

கையெழுத்தைப் பார்த்தே ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். விருந்துக்குப் போன இடங்களில் துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டி, என்னைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து வெகு கவனமாகப் பார்த்துவிட்டு, பேனாவில் மை தீரப்போகிறது, வேறொன்றும் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுப்பாள்.

தடய அறிவியல் கூடத்தில் ஆவணப் பிரிவுக்கு அவள்தான் தலைமை. கள்ளக் கையெழுத்து, திருத்திய உயில், மொட்டைக் கடிதம் எல்லாம் அவள் மேசைக்குத்தான் வரும். கூடத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஒருநாள் அவளே தொலைபேசியை எடுத்து, "பூதக்கண்ணாடி பேசுறேன், சொல்லுங்க" என்றதும் மற்றவர்களுக்கு அதிலிருந்த ருசி போய்விட்டது. நீதிமன்றத்தில் வக்கீல்கள் எப்படிச் சுற்றி வளைத்தாலும் அவளிடம் ஒரே பதில்தான்: எழுத்து, கை யாருடையது என்று சொல்லும், மனசு எப்படிப்பட்டது என்று சொல்லாது.

அவள் கணவன் ஒரு பெண்கள் பள்ளியில் துணைத் தலைமையாசிரியனாக இருந்தான். கோபம் வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துபோகிற ஆள். அதனால் மாணவிகள் அவனைப் பஞ்சு சார் என்பார்கள். அவளுடைய வேலையைப் பற்றி அவள் பிறந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அப்பாவுக்குக் கடைசிவரை அவள் பிணங்களோடு வேலை செய்கிறாள் என்றுதான் நினைப்பு. அக்கா அந்தப் பேச்சு வந்தாலே எழுந்துபோய்த் துணி மடிப்பாள். கேட்டவன் கணவன் ஒருவன்தான். சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து, கையில் எடுத்த கவளத்தைக்கூட மறந்துவிட்டுக் கேட்பான்.

எழுத்தை மறைக்க நினைக்கிறவன் எழுத்தின் உருவத்தை மட்டும்தான் மாற்றுவான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். கொம்பை நீட்டுவான், சுழியைக் கோணலாக்குவான். மெய்யெழுத்தின் தலையில் வைக்கிற புள்ளியை மறந்துவிடுவான். சொல்லுக்கும் சொல்லுக்கும் விடுகிற இடைவெளி, காகிதத்தின் ஓரத்தில் விடுகிற வெற்றிடம், இவையெல்லாம் தன்னுடையவை என்றே அவனுக்குத் தெரியாது. அங்கேதான் பிடிபடுவான். அப்படியானால் அகப்படாமல் எழுத என்ன செய்ய வேண்டும் என்று கணவன் ஒருமுறை கேட்டான். எழுதாமல் இருக்க வேண்டும் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தப் பேச்சுதான் அவளுக்குப் பெரிய சுகமாக இருந்தது. ஊரில் எத்தனை பெண்களுக்கு இப்படிக் காது கொடுக்கிற புருஷன் வாய்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாள்.

அவன் வேலை பார்த்த பள்ளியின் தலைமையாசிரியைக்குத்தான் மொட்டைக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. அவர் கணவரை இழந்தவர். கல்லூரியில் படிக்கும் ஒரே மகளோடு இருந்தார். அந்தப் பதவி அவருக்கு வந்தபோது வரிசைப்படி முன்னால் நின்றவன் இவன். நிர்வாகம் அவரைத் தேர்ந்தெடுத்தது. வரவேற்புக் கூட்டத்தை முன்னின்று நடத்தி, மாலையை வாங்கிவந்து கொடுத்தவனும் இவன்தான். அன்றைக்கு வீட்டில், மனசுக்குக் கஷ்டமாக இல்லையா என்று அவள் கேட்டாள். "நாற்காலி யாருக்குக் கிடைச்சா என்ன, உக்கார்றவங்களுக்குத்தானே முதுகு வலி" என்று சொல்லிச் சிரித்தான். அவளும் அதை நம்பினாள்.

முதல் கடிதம் பதவியை விட்டு விலகச் சொன்னது. இரண்டாவது, மகள் எந்தத் தெரு வழியாகக் கல்லூரிக்குப் போகிறாள், எந்தக் கடை வாசலில் தோழிக்காக நிற்கிறாள் என்று எழுதியிருந்தது. தலைமையாசிரியை பயந்துபோய் அவளுடைய கணவனிடம்தான் முதலில் காட்டினார். அவன்தான் அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய் புகார் கொடுக்கவைத்தான். மூன்றாவது கடிதம் வந்தபோது அவர் பயத்தில் உறையைப் பிரிக்காமலே அவனிடம் கொடுத்துவிட்டார். அவன் படித்துப்பார்த்து, இதில் புதிதாக ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்லி, இன்ஸ்பெக்டரிடம் சேர்த்தான்.

நான்காவது கடிதம் காரின் முன் கண்ணாடியில், துடைப்பானுக்கு அடியில் செருகியிருந்தது. அவர் தனியாக இருந்தார். யாரோ பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் வண்டியைக் கிளப்பி, பின்னால் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டி, முனையில் இருந்த விளக்குக் கம்பத்தில் மோதினார். இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பிறகுதான் காவல்துறை அதைப் பெரிய வழக்காக எடுத்துக்கொண்டது.

கடிதங்கள் அவளுடைய பிரிவுக்கு வந்தன. என் கணவர் அங்கே வேலை செய்கிறார், கோப்பில் எழுதிவைத்துவிடுங்கள் என்று அவள் இயக்குநரிடம் சொன்னாள். இயக்குநர் எழுதிவைத்தார். அவர் புகார் கொடுக்கக் கூடவே வந்த மனிதர்தானே, அதனால் பாதகமில்லை என்றார்.

இன்ஸ்பெக்டர் கனத்த உடம்புக்காரர். மனோதத்துவத்தில் ஆசை உள்ளவர். எழுதினவன் கோழையா, முரடனா, கல்யாணம் ஆனவனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"எழுதினவர் மேசைக்கு ஒரு கால் ஆடுது சார்," என்றாள். "எழுத்துல அவ்வளவுதான் தெரியுது."

ஆனால் அந்த எழுத்து அவளை மலைக்கவைத்தது. ஒவ்வோர் எழுத்தும் எழுதியதாக இல்லை, வரைந்ததாக இருந்தது. அது எல்லாரும் செய்வதுதான். புள்ளிகளையும் அந்த ஆள் விட்டுவைக்கவில்லை. ஒன்று வட்டம், அடுத்தது கோடு, இன்னொன்று அழுத்திக் குத்திய பொட்டு. ஓர் இடத்தில் சொற்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அடுத்த வரியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. ஒவ்வொரு காகிதத்திலும் ஓரம் வேறு வேறு அகலம். தெரியாமல் கையோடு வருகிற பழக்கம் ஒவ்வொன்றையும் ஆள் தேடிப்பிடித்து அழித்திருக்கிறான். கெட்டிக்காரன் என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய்க் கணவனிடமும் அதைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட்டான்.

கை பேசாததால் அவள் சொற்களைப் பார்க்க வேண்டியதாயிற்று. கடிதங்களில் எழுத்துப் பிழைகள் மலிந்து கிடந்தன. 'பல்லிப் பொறுப்பு உங்கலுக்குப் பெறிய பாறம்' என்று முதல் கடிதம் தொடங்கியது. 'பல்லிக்கு வருவதைத் தவிர்த்துக்கொல்லுங்கள்' என்றது அடுத்தது. கூடத்தில் இருந்த இளம் உதவியாளர்கள், பல்லிக்குத் தலைமையாசிரியை எதற்கு என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மறுபடி படித்தாள். பள்ளிக்கும் பல்லிக்கும் வித்தியாசம் தெரியாத ஆள், 'உங்கலுக்கு' என்பதற்குப் பின்னால் 'ப்' போட வேண்டும் என்று எப்படித் தெரிந்துவைத்திருக்கிறான்? 'வருவதைத் தவிர்த்து' என்பதில் 'த்' எப்படி வந்தது? நான்கு கடிதங்களிலும் ஓர் ஒற்றுகூடத் தப்பவில்லை. நன்றாகப் படித்த ஆள், படிக்காதவன்போல வேஷம் கட்டியிருக்கிறான். வேஷத்துக்கு வேட்டியைக் கிழித்துக்கொண்டவன் காலில் போட்டிருந்த பளபளப்பான செருப்பை மறந்துவிட்டான்.

அறிக்கையில் அவள் அளந்துதான் எழுதினாள். கையெழுத்தைக் கொண்டு யார் என்று தீர்மானிக்க இயலவில்லை, பிழைகள் போலியானவை, எழுதியவர் தமிழ் இலக்கணம் நன்கு அறிந்தவர். யாரையும் அவள் சுட்டவில்லை. இன்ஸ்பெக்டருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பள்ளியில் தலைமையாசிரியையோடு கால அட்டவணை விஷயமாகச் சண்டை போட்டிருந்த ஒரு தமிழாசிரியர் இருந்தார். மாணவிகள் பார்க்க அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. பொறுப்புத் தலைமையாசிரியனாக அவளுடைய கணவனை நியமித்தது.

அன்று அவன் தாமதமாக வந்தான். தமிழாசிரியர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னான். பாவம் மனுஷன், அழுதுவிட்டார் என்றான். ஊரே ஒதுங்கி நிற்கும்போது இவன் ஒருவன் போய்ப் பார்த்திருக்கிறானே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

மாதிரி எழுத்துக்காகத் தமிழாசிரியரைக் கூடத்துக்கு அழைத்து வந்தார்கள். மெலிந்த மனிதர். சட்டையை உள்ளே விட்டு ஒழுங்காக வந்திருந்தார். அவள் வாசிக்க வாசிக்க எழுதினார். பள்ளி என்ற சொல் வந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டு, கடிதத்தில் இருக்கிறபடியே பல்லி என்று எழுதும்படி சொன்னார். ஆசிரியர் சரி என்று பேனாவைக் காகிதத்தில் வைத்தார். பள்ளி என்று வந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினார். பள்ளி என்றே வந்தது. மூன்றாவது முறை பேனாவை மூடிவைத்துவிட்டார்.

"எழுதக்கூடாதுன்னு இல்ல அம்மா. கை வரமாட்டேங்குது," என்றார். "என் பொண்ணு அதே பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. இன்னிக்கு அது போகல."

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவர் கண்ணைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. அவர் எழுதிய பக்கங்களை அன்று முழுவதும் பார்த்தாள். இலக்கணம் அவருக்கும் தப்பவில்லை. இருந்தும் அந்தக் கடிதங்கள் இவருடையவை அல்ல என்று அவளுக்கு உள்ளே தெரிந்துபோயிற்று. அதை எப்படி நிரூபிப்பது என்று தெரியவில்லை. ஒரே ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. தமிழாசிரியர் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆனால்' போடுகிறவர். கடிதங்களில் எங்கேயும் 'ஆனால்' இல்லை. அந்தச் சொல் வர வேண்டிய இடத்திலெல்லாம் 'இருந்தாலும்' இருந்தது. 'உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தாலும் சொல்ல வேண்டியது கடமை' என்கிற மாதிரி. இது சின்ன விஷயம், நீதிமன்றத்தில் நிற்காது. அதனால் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

வார விடுமுறையில் தலைமையாசிரியையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனாள். அவர் காலில் எடை கட்டித் தொங்கவிட்டுப் படுத்திருந்தார். முகம் வெளிறி இருந்தாலும் குரல் தெம்பாகவே இருந்தது. எழுந்து நடக்க ஆரம்பித்ததும் பள்ளிக்கு வந்துவிடப்போவதாகச் சொன்னார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர் இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாதும்மா. தினமும் வந்து பார்க்குறாரு. நேத்துகூட, ஒத்தத் தூணு எத்தனை நாள்தான் கூரையத் தாங்கும், பாவம்னு சொல்லி, அவருக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அவள் ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. தலைமையாசிரியை பிரித்தே பார்க்காத மூன்றாவது கடிதத்தின் கடைசி வரி அது. 'ஒற்றைத் தூண் எத்தனை நால்தான் கூறையைத் தாங்கும், பாவம்.'

மருத்துவமனைப் படியில் இறங்கும்போதே மனம் சமாதானம் தேட ஆரம்பித்தது. அந்தக் கடிதத்தை முதலில் படித்தவன் அவன்தான். நல்ல வரி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். விளம்பரப் பாட்டு ஒட்டிக்கொள்வதில்லையா? இதற்குப் போய்க் கட்டினவனைச் சந்தேகப்படுவதா? பேருந்து நிறுத்தம் வரை அந்தச் சமாதானம் தாங்கியது. பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும், கணவன் பேசுவது அவள் காதில் கேட்க ஆரம்பித்தது. வெயில்தான், இருந்தாலும் நடந்தே போயிடலாம். உப்புக் கொஞ்சம் கம்மி, இருந்தாலும் நல்லா இருக்கு. உங்க அக்கா பேசினது தப்புதான், இருந்தாலும் நாம விட்டுக்கொடுப்போம். அத்தனை வருஷமாக அவன் 'ஆனால்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. ரயில் பாதைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களுக்கு ரயில் சத்தம் கேட்பதில்லை.

புள்ளியை மறக்காதவன். இடைவெளியை மாற்றியவன். ஓரத்தைக்கூட விட்டுவைக்காதவன். கெட்டிக்காரன் என்று தான் வியந்த ஆளுக்கு இந்தப் பாடத்தையெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது? இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப்போய் இறங்கி, திரும்பி நடந்தாள்.

அது அவனில்லை என்று ஆகிவிட வேண்டும் என்றுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, எப்போதும்போலத் தொழில் பேச்சை எடுத்தாள்.

"அந்தத் தமிழய்யா எழுதியிருக்க மாட்டார்னு தோணுதுங்க. கடிதத்துல ஒரு இடத்துலகூட 'ஆனால்' வரல. எல்லா இடத்துலயும் 'இருந்தாலும்'தான். இவர் எழுத்துல எங்க பார்த்தாலும் 'ஆனால்'. அது ஒண்ணை வச்சே அவரை விட்டுரலாம்."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை ரிப்போர்ட்ல எழுதியாச்சா?" என்று கேட்டான்.

இன்னும் இல்லை, இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும், இன்ஸ்பெக்டரிடம்கூடச் சொல்லவில்லை என்றாள். பாவம் அந்த மனுஷன், எப்படியோ தப்பிச்சா சரி என்றான் அவன். இன்னும் கொஞ்சம் குழம்பை எடுத்து அவள் தட்டில் ஊற்றினான்.

அதன்பிறகு வந்த நாட்களை அவள் எப்படிக் கழித்தாள் என்று சொல்ல முடியாது. அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவனோடு கடைக்குப் போனாள். தபால் எதுவும் வரக்கூடாது என்று ஒவ்வொரு காலையும் வேண்டிக்கொண்டாள். வராமலே போய்விட்டால், கட்டினவனைச் சந்தேகப்பட்ட பாவத்துக்குக் காலமெல்லாம் அவனுக்குப் பணிவிடை செய்து தீர்த்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

ஒரு முற்பகலில் இன்ஸ்பெக்டர் உற்சாகமாக உள்ளே வந்தார். மருத்துவமனையில் விசாரணை மேசைக்குப் பக்கத்திலிருந்த கடிதப் பெட்டியில் யாரோ தலைமையாசிரியை பெயருக்கு ஓர் உறை போட்டிருக்கிறார்கள் என்றார். ஆசிரியர் வெளியே இருந்துகொண்டே வேலையைக் காட்டுகிறார் பாருங்கள் என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த காகிதத்தை அவள் மேசையில் வைத்தார்.

அதே வரைந்த எழுத்து. நடக்க ஆரம்பித்தாலும் பல்லிப் பக்கம் வர வேண்டாம் என்று தொடங்கியது. 'இது மிரட்டல் இல்லை. ஆனால் ஒருதரம் பட்டது போதாதா. மகலுக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது. ஆனால் அது உங்கல் கையில்தான். பாவம், நீங்கள் நல்லவர். ஆனால் பிடிவாதக்காரர்.' மூன்று இடத்தில் 'ஆனால்'. 'இருந்தாலும்' ஒன்றுகூட இல்லை.

அவளுக்கு அழுகை வரவில்லை. சந்தேகத்தைக்கூட அவள் தாங்கியிருப்பாள். அந்த மெலிந்த மனிதர் தப்பிக்க இருந்த ஒரே வழியைப் பற்றிக் கேட்டதும், இவன் அதை அடைக்க உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவர் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொன்ன அதே ஆள். குழம்பு ஊற்றிய அதே கை.

"சார், உக்காருங்க," என்றாள் இன்ஸ்பெக்டரிடம். "நீங்க முதல் நாள் என்கிட்டக் கேட்டீங்களே, எழுதினவன் எப்படிப்பட்டவன்னு. இப்ப சொல்றேன். அவனுக்கு யார் மேலயும் கோபம் கிடையாது. கடிதத்துக்குக் கடிதம் பாவம்னு எழுதுறான் பாருங்க, அது நடிப்பு இல்ல. நெசமாவே பாவப்படுறான். நல்லது செய்யுறோம்னு நினைச்சுக்கிட்டே கழுத்தைப் பிடிக்கிற ஆளு. எழுத்துல இது தெரியாது. வார்த்தையில தெரியுது."

அவர் குறித்துக்கொள்ளக் குறிப்பேட்டை எடுத்தார். அவள் கணவன் பெயரைச் சொன்னாள்.

இயக்குநரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வீட்டில் வழக்கைப் பற்றிப் பேசியதையும் மறைக்கவில்லை. வேறு ஊர்க் கூடத்துக்குக் கோப்பை அனுப்பச் சொல்லிவிட்டு, தன் சாவியையும் ஒப்படைத்தாள். யாரைத் தேடுவது என்று தெரிந்த பிறகு காவல்துறைக்கு அதிக வேலை இருக்கவில்லை. மருத்துவமனைக் கேமராவில், நலம் விசாரிக்கப் பழங்களோடு வந்தவன் திரும்பிப் போகும்போது பெட்டியில் உறையைப் போடுவது தெளிவாகப் பதிந்திருந்தது. மறுநாள் வந்து அவனை அழைத்துப் போவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். அதுவரை அவளை அக்கா வீட்டில் இருக்கச் சொன்னார். அவள் தன் வீட்டுக்கே போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. அவன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"மூணு இடத்துல 'ஆனால்' போட்டிருக்கீங்க," என்றாள்.

அவன் நகவெட்டியை மூடிவைத்தான். மறுத்துப் பேசுவான் என்று எதிர்பார்த்திருந்தாள். கீழே விழுந்த நகத் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தான்.

"நான் யாரையும் தொடல," என்றான், வழக்கத்தைவிடத் தாழ்ந்த குரலில். "அவங்க நல்லதுக்குத்தான் சொன்னேன். அந்த இடம் அவங்களுக்குத் தாங்காது. எல்லாத்துக்கும் என்கிட்டத்தான் வந்து நின்னாங்க. வேலையெல்லாம் நான், கையெழுத்து மட்டும் அவங்க. கார் மோதும்னு நான் என்ன கனவா கண்டேன்?"

"தமிழய்யா?"

"அவரை விட்டுருவாங்க. ஆதாரம் இல்லாம என்ன செய்ய முடியும்? அதையும் நீதான் சொல்லியிருக்க." பிறகு முன்னால் குனிந்து, அவளுடைய வேலையைப் பற்றிக் கேட்கும்போது வருகிற அதே முகத்தோடு சொன்னான். "ஒரு வரிதான். தீர்மானிக்க இயலவில்லைன்னு எழுதிடு. உனக்கும் தெரியும், கையெழுத்தை வச்சு நிரூபிக்க முடியாது. நீ சொல்லிக்கொடுத்தபடிதானே எழுதினேன்."

"ஆமா, நான்தான் சொன்னேன்," என்றாள். "என் புருஷன் கேக்குறாருன்னு சொன்னேன். கேட்டது யாருன்னு எனக்குத் தெரியல."

கோப்பு தன்னிடம் இல்லை என்றும், எல்லாவற்றையும் நேற்றே சொல்லியாயிற்று என்றும் சொன்னாள். அப்போதுதான் அவன் முகம் மாறியது. பயம் வந்திருக்கும் என்று நினைத்தாள். பயமில்லை. துரோகம் செய்யப்பட்டவனின் முகமாக இருந்தது அது. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே," என்றான். "கட்டினவளே இப்படிச் செய்வியா?" இன்ஸ்பெக்டர் வந்தபோது சட்டை மாற்றிக்கொள்ள அனுமதி கேட்டான். வாசலில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினான்.

வழக்கு நடந்தது. அவள் நிபுணராக இல்லாமல் மனைவியாகக் கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னாள். குறுக்கு விசாரணையில் வக்கீல், சம்சாரத்தோடு சாப்பிடும்போது பேசுவது குற்றமா என்று கேட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது. தமிழாசிரியர் வேலைக்குத் திரும்பினார். அவர் வீட்டுக்கு அவள் மன்னிப்புக் கேட்கப் போனபோது உட்காரச் சொன்னார், தேநீர் கொடுத்தார். மகளை மட்டும் உள்ளே போகச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை அவளைப் பார்க்க விரும்பவில்லை. என் மகள் எந்தக் கடை வாசலில் நிற்பாள் என்று உங்கள் கணவருக்கு நான் சொன்னதில்லை, நீங்கள் சொன்னீர்களா என்று மட்டும் ஆள் மூலம் கேட்டனுப்பினார். அவள் யோசித்துப் பார்த்தாள். ஒருநாள் அந்தப் பெண்ணை வழியில் பார்த்ததாக வீட்டில் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆமாம் என்று சொல்லியனுப்பினாள்.

கூடத்தில் அவளை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மறுபேச்சுப் பேசாமல் போனாள்.

தீர்ப்பு வந்த மறுவாரம் மாமியார் வந்தார். தனியாக, ஒரு சின்னப் பெட்டியோடு. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அவள் கதவைத் திறந்துவிட்டு நின்றாள். மாமியார் உள்ளே வந்தார். கை கால் கழுவிக்கொண்டு, சமையலறையில் கிடந்த காயை எடுத்துவைத்து நறுக்க ஆரம்பித்தார். பாதி நறுக்கியபோது, தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"சின்ன வயசுல எங்க வீட்டுல ஏதாவது உடையும், தொலையும். பழி அவன் தம்பி மேல விழும். இவன் போய் அவன் பக்கத்துல உக்காந்து, அழாதடான்னு தலையைத் தடவிக்கிட்டு இருப்பான். நானும் அவங்கப்பாவும், எவ்வளவு நல்ல மனசு பாரு நம்ம பிள்ளைக்குன்னு சொல்லிச் சந்தோஷப்படுவோம்."

"உடைச்சது அவர்தான்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று அவள் கேட்டாள்.

மாமியார் கத்தியைக் கீழே வைத்தார்.

"உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். உன்னைப் பார்த்ததும், கெட்டிக்காரப் பொண்ணு, இவ சரிபண்ணிடுவான்னு நினைச்சோம்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கணவன் செய்தது வலித்ததைவிட இது வேறு இடத்தில் வலித்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளைப் பெற்ற மகள் மாதிரி வைத்துக்கொண்ட பெண்மணி இவர். காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்தில் விழித்திருந்தவர். அந்த அன்பிலும் ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

"தம்பிக்காரன் வீட்டுல என்னை வச்சுக்க மாட்டேன்னுட்டான்," என்றார் மாமியார். "நான் உன்கூடவே இருந்துக்கட்டுமா?"

போங்கள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருங்கள் என்று சொல்லவும் வரவில்லை. நறுக்கிய காயைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தாள்.

"ரெண்டு நாள் இருங்க அத்தை," என்றாள். "அப்புறம் பார்க்கலாம்."